தூசி புகாத பெட்டி

கம்ப்யூட்டரம்மாவை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, அவர் என் ஓட்டுநர் உரிமத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்த என் வீட்டு முகவரியைக் கறுப்புப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார். வாங்கி ஒன்பது நாள்கூட ஆகாத பழைய காரைக் கொண்டுபோய் ஒரு கேட்டில் உரசிவிட்டு, முகம் தொங்கிப்போய் அந்தக் கார் பட்டறைக்குள் நுழைந்திருந்தேன். "முகவரி எங்களுக்கு எதுக்குங்க? வண்டியத்தான ரிப்பேர் பண்ணப் போறோம்," என்றார் நிமிராமல். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதுவும் கம்ப்யூட்டர் படித்து வாங்கியது. வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் அதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். அங்கேயும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம். உங்க போன்ல இருக்கறதுக்கெல்லாம் கடைசியா எப்ப பேக்கப் எடுத்தீங்க?"

நான் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன்.

"அதான பாத்தேன்," என்றார்.

பம்பர் ஒட்டிக் காய்ந்து வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவருடைய கண்ணாடி அறையில் உட்கார்ந்து கேட்ட கதை இது. பாதியை அவர் சொன்னார். மீதியை, தங்கள்மேல் பழி வந்த இடங்களிலெல்லாம், மற்றவர்கள் உள்ளே நுழைந்து திருத்தினார்கள்.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால் அவர் அங்கே சேர்ந்தது போன் எடுப்பதற்கு. பள்ளிப் படிப்பு, கூடக் கொஞ்சம் டைப்ரைட்டிங். அவ்வளவுதான் கைவசம். சேர்ந்த இரண்டாம் மாதம் பிரிண்டரில் காகிதம் சிக்கியது. முதலாளி வந்து இரண்டு தட்டு தட்டினார். டிங்கர் வந்து நாலு தட்டு தட்டினார். இவர் மூடியைத் திறந்து காகிதத்தைப் பிடித்து இழுத்தார், வந்துவிட்டது. அன்று மாலையே அவர் கம்ப்யூட்டரம்மா ஆகிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் எது கரண்டில் ஓடி நின்றுபோனாலும், அது தண்ணீர் மோட்டாராகவே இருந்தாலும், "கம்ப்யூட்டரம்மாவக் கூப்பிடு" என்றுதான் குரல் வரும்.

பட்டறை நீளமானது. வாசலில் நுழைந்ததும் இடது பக்கம் டிங்கரிங். அங்கே நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். நடுவில் பட்டி பூசித் தேய்க்கும் இடம். அங்கே நாள் முழுக்க வெள்ளைத் தூசி. கடைசியில் பெயிண்ட் பூத், ஒரு கார் உள்ளே போய்க் கதவை மூடிக்கொள்ளும் அளவுக்கு ஒரு தகர அறை. பெயிண்ட் அடித்ததும் அதற்குள்ளேயே சூடேற்றிக் காய வைப்பார்கள். இந்தச் சத்தத்துக்கும் தூசிக்கும் சூட்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு மேஜை, மேஜைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. பதினோரு வருடத்துக் கார்கள் அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. அடிபட்டு வந்தபோது எடுத்த படங்கள், பிரித்தபோது எடுத்த படங்கள், காப்பீட்டுக் காகிதங்கள், எந்த வண்டிக்கு எந்த நிறத்தை எந்த அளவில் கலந்தார்கள் என்ற கணக்கு, எல்லாம்.

அந்தப் பெட்டியைக் காப்பாற்றுவதுதான் தன் வேலை என்று கம்ப்யூட்டரம்மா நினைத்தார். அது ஒரு சடங்கு என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

உதாரணத்துக்குப் பாஸ்வேர்டு விவகாரம். "பாஸ்வேர்டு வெளிய தெரியவும் கூடாது, நமக்கு மறக்கவும் கூடாது," என்று ஒரு நாள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். பெயிண்டர் அண்ணனுக்குப் பின்பாதி மட்டும் மனதில் நின்றது. அவர் அங்கே எல்லோரையும்விட மூத்தவர், மனிதர் பூப்போல. அடுத்த நாள் காலை கம்ப்யூட்டரம்மா வந்து பார்த்தால், திரைக்கு நேர்மேலே சுவரில், மீந்துபோன வெள்ளி நிற பெயிண்டில், எட்டு எழுத்தும் முத்து முத்தாக மின்னிக்கொண்டிருந்தன.

"மேல ரெண்டு கோட் கிளியர் வார்னிஷ் குடுத்திருக்கேன்மா. அழியவே அழியாது. வெயில் பட்டாலும் மங்காது."

கம்ப்யூட்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு பாஸ்வேர்டை மாற்றினார். மறுவாரம் பெயிண்டர் அண்ணன் பிரஷ்ஷோடு வந்து வாசலில் நின்றார். "புதுசு என்னம்மா? சொன்னா எழுதிடறேன்."

இன்னொரு நாள், கீபோர்டில் தூசி அடைந்திருக்கிறது என்று டிங்கர் நல்ல மனதோடு கம்ப்ரசர் குழாயைக் கொண்டுவந்து ஊதிவிட்டார். பாதிப் பொத்தான்கள் பறந்தன. நீளப் பொத்தான் மட்டும் நாலு நாள் கழித்து யாரோ ஒருவருடைய பானெட்டுக்குள் கிடைத்தது. இந்த டிங்கருக்குப் பட்டறையில் பெயரே சுத்தியல்தான். நெளிந்த தகடு எதுவானாலும் அவர் கை சொன்ன பேச்சைக் கேட்கும். மனிதர்கள் சொன்ன பேச்சை அவர் கேட்பாரா என்பது வேறு விஷயம்.

சுத்தியலோடு கம்ப்யூட்டரம்மாவுக்கு இருந்த பெரிய சண்டை போட்டோவைப் பற்றியது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவர், அப்பா ஊரில் இல்லாத நேரத்தில் அப்பாவின் காரை எடுத்துக்கொண்டுபோய் ஒரு மரத்தில் மோதிவிட்டு, அவர் வருவதற்குள் சரிசெய்து விடலாம் என்று இங்கே கொண்டுவந்தார். பட்டறையில் யாரோ அந்த வண்டியைப் படம் எடுத்து, அது யாருக்கோ போய், அவர் யாருக்கோ அனுப்பி, வண்டியை இழுவை லாரியிலிருந்து இறக்குவதற்குள் அப்பாவிடமிருந்து போன் வந்துவிட்டது. அந்த வீட்டில் அப்பாவும் பிள்ளையும் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிள்ளை வந்து கம்ப்யூட்டரம்மாவின் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, "உங்கள நம்பித்தானங்க வண்டிய விட்டேன்," என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அன்றே ஒரு தாள் தயாரானது. வாடிக்கையாளர் வண்டியையோ நம்பரையோ காகிதத்தையோ சொந்த போனில் படம் எடுக்க மாட்டேன். கீழே எல்லோரும் கையெழுத்து. "இத மீறினவன் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்," என்று முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். சுத்தியல் அந்தத் தாளை மூன்று முறை படித்தார். "படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்க்கா. நாளைக்கு என் வீட்ட எழுதி வாங்கிட்டேன்னு சொல்லிட்டா?" என்றார். பிறகு கிரீஸ் விரலோடு போட்டார்.

இனி டாக்ஸிக்குப் போகலாம்.

ஒரு திங்கட்கிழமை அந்த வெள்ளை டாக்ஸி இழுத்துவரப்பட்டது. நின்றுகொண்டிருந்த வண்டியின் இடுப்பில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்து இடித்திருந்தது. வெளியே பார்த்தால் இரண்டு கதவு நசுங்கியது மட்டும்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை கதவைக் கழற்றியதும்தான் உள்காயம் தெரிந்தது. இரண்டு கதவுக்கும் நடுவில் கூரையைத் தாங்கி நிற்கும் தூண் முழங்கையைப்போல் உள்ளே மடங்கியிருந்தது. வண்டியின் சொந்தக்காரர்தான் ஓட்டுநரும். கையில் சாவி இல்லாததால் விரல்களை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். அவர் வீட்டில் ஓடும் சக்கரம் அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டரம்மா பட்டறை கேமராவில் நாற்பத்து மூன்று படங்கள் எடுத்தார். உள்காயத்துக்கு ஆதாரம் அந்தப் படங்கள்தான். காப்பீட்டு சர்வேயர் வெளிக்காயத்தை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். "உள்ள என்ன இருந்தாலும் நேராக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம் வேணும். அடுத்த புதன் சாயங்காலத்துக்குள்ள மொத்தமா அனுப்புங்க. இல்லன்னா கதவு மட்டும்தான் கணக்கு, தூண் வேலை வண்டிக்காரர் தலையில," என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

படங்கள் பெட்டிக்குள் போயின. புதன் மாலை கேமராவுக்கு அடுத்த வண்டி காத்திருந்தது. கார்டு நிறைந்திருந்தது. முதலாளி வாசலிலிருந்து, "என்னம்மா இவ்ளோ நேரம்?" என்றார். கம்ப்யூட்டரம்மா கார்டை அழித்தார். இன்னொரு நகல் எடுக்காமல் எதையும் அழிக்காதே என்று சுவரில் எழுதி ஒட்டியதே அவர்தான். இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழன் முதல் சனி வரை அவருக்கு லீவு. மகளை வேறு ஊரில் கல்லூரி விடுதியில் சேர்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடி அறையின் கதவு கீல் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. கதவில்லாத அறைக்குள் தூசி ஊர்வலமாக வந்தது. கிளம்புவதற்கு முன் அவர் இரண்டு பேரிடம் இரண்டு வேலையை ஒப்படைத்தார்.

பெயிண்டர் அண்ணனிடம்: "அண்ணே, உங்களுக்கு நிறம் பாக்கணும், அதனால கம்ப்யூட்டர அணைக்க வேணாம். ஆனா ஒரு துளி தூசி பெட்டிக்குள்ள போகக் கூடாது. உங்க பொறுப்பு."

முதலாளியிடம்: "சனிக்கிழமை வெளி டிஸ்க்கக் கொண்டாந்து, திரையில 'பேக்கப்'னு எழுதியிருக்கற படத்த அழுத்துங்க. முடிஞ்சதும் டிஸ்க்க மறுபடி பட்டறைக்கு வெளிய பத்திரமா வச்சிடுங்க."

"நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க," என்றார்கள் இருவரும். அந்த நிம்மதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வரை இருந்தது.

வந்து பார்த்தால் மேஜைக்கு அடியில் பெட்டியைக் காணோம். அதன் இடத்தில் பழுப்புக் காகிதத்தில் ஒரு பொட்டலம் இருந்தது. பெயிண்ட் அடிக்கும்போது நிறம் படக்கூடாத கண்ணாடியையும் ரப்பரையும் காகிதம் வைத்து டேப் ஒட்டி மறைப்பார்களே, அதே வேலை. மடிப்பு மடிப்பாகக் காகிதம், அதன்மேல் பிளாஸ்டிக் தாள், ஓரமெல்லாம் இரண்டு வரிசை டேப். ஓர் எறும்பு உள்ளே போக வேண்டுமென்றால் விண்ணப்பம்தான் போட வேண்டும். பக்கத்தில் பெயிண்டர் அண்ணன், பரிசு வாங்கப் போகிறவரைப்போல் நின்றுகொண்டிருந்தார்.

"மூணு நாளா இங்கதான்மா பட்டி தேச்சோம். ஒரு பொடி உள்ள போயிருக்கும்ங்கறீங்க?"

கம்ப்யூட்டரம்மா பொட்டலத்தின்மேல் கையை வைத்தார். அவர் கணவர் தையல்காரர்; வீட்டில் இஸ்திரிப் பெட்டி எப்போதும் சூடாக இருக்கும். அந்தச் சூடு அவருக்குத் தெரியும். நேற்று அணைந்த அடுப்பைப்போல் பெட்டி இன்னும் கதகதத்துக்கொண்டிருந்தது. திரை கறுப்பாக இருந்தது.

"அண்ணே, இது எப்ப நின்னுச்சு?"

"சனிக்கிழமை மத்தியானம் கொஞ்சம் முனகுச்சு. நேத்து லீவு. இன்னிக்குக் காலையில வந்து பாத்தா சத்தமே இல்ல. தூங்குதுன்னு விட்டுட்டேன்."

"சுத்தி எல்லாப் பக்கமும் அடைச்சிருக்கீங்களே! அது மூச்சு விட வேணாமா?"

"கம்ப்யூட்டர் மூச்சு விடுமாம்மா?" கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். "கண்ணாடிய ஒட்டறோம், விளக்க ஒட்டறோம். அதெல்லாம் மூச்சா விடுது?"

பிரித்தார்கள். டேப் கிழிகிற சத்தம் அறை முழுவதும் கேட்டது. உள்ளே ஒரு துளி தூசி இல்லை. கடையிலிருந்து அன்றுதான் வாங்கியதுபோல் பளபளவென்றிருந்தது. "பாருங்கம்மா," என்றார் பெயிண்டர் அண்ணன், மெதுவாக. அவருக்கும் விஷயம் புரிய ஆரம்பித்திருந்தது. சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றிய ஒரு மனிதரை எந்த வார்த்தையால் திட்டுவது? கம்ப்யூட்டரம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று மதியம் பெயிண்டர் அண்ணன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை. கடைக்காரர் உள்ளிருந்த டிஸ்க்கைக் கழற்றி, காதில் வைத்துக் கேட்டார். டக், டக் என்றது. "வெந்திருக்கு," என்றார். "பெரிய லேபுக்கு அனுப்பலாம். ரெண்டு மாசம் ஆகும். வரலாம், வராமலும் போகலாம்."

சர்வேயர் சொன்ன புதன்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

பரவாயில்லை, வெளி டிஸ்க் இருக்கிறதே என்று ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். முதலாளி வாசலில் நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, சனிக்கிழமை பேக்கப் எடுத்தீங்கதான?"

"எடுத்தேனே! நீங்க சொன்ன படத்த நல்லா அழுத்தினேன். ரெண்டு தடவை."

"டிஸ்க்க மாட்டிட்டுத்தான அழுத்தினீங்க?"

முதலாளி முகம் கொஞ்சம் மாறியது. "டிஸ்க்கா? அழுத்தறதுதான முக்கியம்னு நெனச்சேன்."

கம்ப்யூட்டரம்மா கண்களை மூடித் திறந்தார். "சரி, அந்த டிஸ்க் எங்க?"

"அது பத்திரமா இருக்கும்மா. பட்டறைக்கு வெளிய வைக்கச் சொன்னீங்கல்ல? என் வண்டி டேஷ்போர்டுல போட்டு வச்சிருக்கேன். பூட்டியிருக்கு."

கம்ப்யூட்டரம்மா திரும்பி முதலாளியின் வண்டியைப் பார்த்தார். அது வழக்கத்துக்கு மாறாக, மாப்பிள்ளை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"உங்க வண்டிக்கு எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?"

"சனிக்கிழமைதான். பூத் காலியா இருந்துச்சு, அதான் பானெட்ட ஒரு தொடு தொட்டுக்கலாம்னு..."

பூத்துக்குள் எழுபது டிகிரி. நாற்பது நிமிடம். கம்ப்யூட்டரம்மா அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டி வெளியதான்மா போகுது வருது," என்றார் முதலாளி, தன் பக்கத்து நியாயத்தை விடாமல்.

"அது உள்ள வந்துச்சே, முதலாளி! உள்ள வந்து வெந்துச்சே!"

இரண்டாவது முறையாக ரிப்பேர்க் கடைக்கு ஓடினார். கடைக்காரர் அந்த டிஸ்க்கையும் காதில் வைத்தார். பிறகு தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். அது சாதாரணமாகத் திறந்துகொண்டது. "கரண்டு ஓடாம சும்மா கெடந்துருக்கு. அதான் தாங்கிருச்சு," என்றார். பதினோரு வருடமும் வரிசையாக வந்து நின்றன. கம்ப்யூட்டரம்மா கையெடுத்துக் கும்பிடாத குறை. கடைசித் தேதிக்கு இறங்கிப் பார்த்தார். முதலாளி அழுத்திய சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமையோடு நின்றிருந்தது. டாக்ஸி வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து.

பதினோரு வருடத்தில் அவருக்கு அன்று தேவைப்பட்ட ஒரே ஒரு வண்டியைத் தவிர எல்லா வண்டியும் இருந்தன.

செவ்வாய்க்கிழமை தூணை வந்து பார்த்தார். சுத்தியல் வழக்கம்போல் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். சங்கிலி போட்டு இழுத்து, தட்டி, நேராக்கி, மடங்கின சுவடே இல்லை. சர்வேயருக்குக் காட்ட ஒரு கீறல்கூட மிச்சமில்லை. டாக்ஸிக்காரர் தினமும்போல் வந்து கண்ணாடி அறையின் வெளிப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். "படமெல்லாம் அனுப்பியாச்சாங்க?" என்று கேட்டார். "நாளைக்கு வரைக்கும் டைம் இருக்குங்க," என்றார் கம்ப்யூட்டரம்மா. பொய் இல்லைதான். ஆனாலும் சொன்ன வாய் கசந்தது.

மாலை வீட்டுக்குப் போனதும் கணவர் தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து கேட்டார், இவர் சொன்னார். அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, "நான் பாரு, யார் துணி குடுத்தாலும் ஓரத்துல ஒரு துண்டு வெட்டி நோட்டுல ஒட்டி வச்சுடறேன். துணியே போனாலும் துண்டு இருக்கும். எல்லாம் ஒரு ஒழுங்குதான்," என்றார்.

"உங்க துணிய யாரும் அடுப்புல வைக்கல. பொட்டலம் கட்டி மூச்ச அடைக்கல. பேசாம தைங்க."

அவர் பேசாமல் தைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த டாக்ஸிக்காரர்கிட்ட உண்மையச் சொல்லிடு," என்றார்.

புதன் காலை சொன்னார். படம் போய்விட்டது, கார்டை அழித்தது நான், வேறு யார்மேலும் தப்பில்லை. பெயிண்டர் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கம்ப்யூட்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். டாக்ஸிக்காரர் கோபப்படவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். அது கையோடு வந்துவிட்டது. அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு, "அப்ப வண்டி இப்போதைக்கு வராதுங்களா?" என்றார்.

அப்போதுதான் கம்ப்யூட்டரம்மா ஒன்றைக் கவனித்தார். இடது பக்கம் சத்தம் நின்றிருந்தது. பதினான்கு வருடத்தில் வேலை நேரத்தில் அந்தப் பக்கம் அமைதியாக இருந்து அவர் கேட்டதில்லை. சுத்தியல் கண்ணாடி அறையின் கதவில்லாத வாசலில் வந்து நின்றார்.

"அக்கா. திட்டக் கூடாது."

"நான் இப்ப திட்டற நெலமையிலயா இருக்கேன்?"

"மொதல்ல சத்தியம் பண்ணுங்க."

"விஷயத்தச் சொல்லுடா!"

அவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார், பூசணிக்காயைத் திருடினவன் திருப்பிக் கொடுக்கிற மாதிரி நீட்டினார். மூலையில் விரிசல் விழுந்த திரையில் டாக்ஸியின் மடங்கிய தூண் தெரிந்தது. நேராக, பக்கவாட்டில், கீழிருந்து, அளவு டேப் பிடித்து. மொத்தம் பத்தொன்பது படங்கள். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை எடுத்தவை. தேதியும் நேரமும் அப்படியே இருந்தன.

ஒரு நொடி அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த நொடி படத்துக்கு மேலே எழுதியிருந்ததைப் படித்தார்: சொட்டை எடுப்போர் சங்கம். உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர்.

"என்னடா இது?"

"நம்ம ஆளுங்கதான்க்கா. பல ஊர்ல இருக்கற டிங்கருங்க. எடுக்கக் கஷ்டமான சொட்டையா, நசுங்கலா வந்தா படம் போட்டுக் கேப்போம். எங்க கொக்கி போடலாம், எந்தப் பக்கம் இழுக்கலாம்னு சொல்லுவாங்க. இந்தத் தூண நான் மேல இருந்து இழுக்கப் பாத்தேன். ஒருத்தர்தான் கீழ இருந்து இழுன்னாரு. இல்லன்னா கூர கோணிருக்கும்."

கம்ப்யூட்டரம்மா விரலால் மேலே தள்ளினார். இன்னும் மேலே தள்ளினார். போன மாத வண்டிகள், போன வருட வண்டிகள். நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. ஒன்றில் டேஷ்போர்டில் வைத்திருந்த உரிமம். இன்னொன்றில் பின் சீட்டில் ஒரு குழந்தையின் பள்ளிப் பை, பெயரோடு. அவர் சுவரில் ஒட்டிய ஒவ்வொரு விதியும் அந்தப் போனுக்குள் தலைகீழாகத் தொங்கியது. காப்பாற்றப் போகிறதும் அதுதான், இத்தனை நாள் கழுத்தறுத்ததும் அதுதான்.

"கையெழுத்துப் போட்டியே! மூணு தடவை படிச்சுட்டுப் போட்டியே!"

"அதான் மூணு தடவை படிச்சேன்," என்றார் சுத்தியல் தரையைப் பார்த்து. "போட்டா குரூப்ப விடணும். விட்டா வேலை நிக்கும். யோசிச்சுட்டு, போட்டுட்டு, விடல."

டாக்ஸிக்காரர் எழுந்து வந்து போனை எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரம்மா அவரிடம் நேராகவே சொன்னார்: "உங்க வண்டிப் படத்த, உங்களக் கேக்காம நாப்பது பேர் பாத்திருக்காங்க. இத அனுப்பணும்னா சர்வேயர்கிட்ட இது எங்கருந்து வந்துச்சுன்னும் சொல்லணும். நீங்க சம்மதிச்சாத்தான்."

அவர் படத்துக்குக் கீழே இருந்த பதில்களைப் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர் கொக்கி போடும் இடத்தை வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். ஒருவர் லாரிக்காரரை வைதிருந்தார். மூன்றாவதாக, எங்கோ தூரத்து ஊரில் இருக்கும் ஒரு டிங்கர், 'ஓட்டினவருக்கு ஒண்ணும் ஆகலையே?' என்று கேட்டிருந்தார்.

"இவரு யாருங்க?" என்றார் டாக்ஸிக்காரர்.

"நேர்ல பாத்ததில்லண்ணே," என்றார் சுத்தியல்.

"ஒண்ணும் ஆகலன்னு போடுங்க," என்றார் அவர். பிறகு கம்ப்யூட்டரம்மாவிடம், "அனுப்புங்க," என்றார்.

அனுப்பினார், நடந்ததை ஒளிக்காமல் எழுதி. சர்வேயர் மதியமே நேரில் வந்தார். போனை வாங்கித் தேதியைப் பார்த்தார், படத்தைப் பெரிதாக்கி வண்டியின் அடையாள எண்ணைப் பார்த்தார், தூணைத் தடவிப் பார்த்தார். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில், "உங்க கம்ப்யூட்டர விட உங்க டிங்கர் நல்லாப் பத்திரப்படுத்தறாரும்மா," என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார். பதினான்கு வருடத்தில் கம்ப்யூட்டரம்மா வாங்கின அடிகளில் இதற்குத்தான் பட்டி பூச முடியவில்லை.

முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். "விதிய மீறியிருக்கான். அன்னிக்கே சொன்னேன். வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

"அனுப்பலாம் முதலாளி," என்றார் கம்ப்யூட்டரம்மா. "நகல் எடுக்காம அழிச்ச நான், பெட்டியப் பொட்டலம் கட்டின பெயிண்டர் அண்ணன், டிஸ்க் மாட்டாம ரெண்டு தடவை அழுத்தின நீங்க, எல்லாருமே சேந்து போயிடலாம். பட்டறையக் கம்ப்ரசர் பாத்துக்கும்."

முதலாளிக்கு அவசரமாக ஒரு போன் வந்தது. மணி அடித்த மாதிரிதான் தெரியவில்லை.

ஆனால் சுத்தியலைக் கம்ப்யூட்டரம்மா சும்மா விடவில்லை. அந்த வியாழக்கிழமை முழுவதும் பக்கத்திலேயே உட்கார வைத்து, மூன்று வருடத்துப் படங்களை ஒவ்வொன்றாக அழிக்க வைத்தார். அனுப்பினவற்றை இனிப் பிடிக்க முடியாது; அது இருவருக்கும் தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் சுத்தியல், "இது நல்ல வேலைக்கா," என்று பெருமூச்சு விட்டார். ஒரு கட்டத்தில் கம்ப்யூட்டரம்மாவுக்கே சங்கடமாகிவிட்டது. இவர்கள் படம் எடுத்தது வம்புக்கு இல்லை. ஒரு கை தடுமாறும்போது இன்னொரு கையைக் கேட்பதற்கு. அதை நிறுத்தினால் அடுத்த தூண் கோணிப்போகும்.

பழைய தாளைக் கிழித்தார். புதிய தாளில் இப்படி எழுதினார்: சொந்த போனில் படம் எடுக்கலாம், சொந்தக்காரர் சம்மதத்துடன், அடிபட்ட இடத்தை மட்டும், நம்பர் பிளேட்டையும் உள்ளே கிடக்கும் எல்லாவற்றையும் மறைத்த பிறகு. மறைக்கும் வேலை பெயிண்டர் அண்ணனுடையது.

பெயிண்டர் அண்ணன் அன்றைக்கு முதல் வண்டிக்கு நம்பர் பிளேட்டை ஒட்டின அழகைப் பார்க்க வேண்டுமாம். நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி. ஒட்டி முடித்துவிட்டு, ரொம்பத் தயங்கி, "இது மூச்சு விடாதுல்லம்மா?" என்று கேட்டாராம்.

இப்போது கம்ப்யூட்டரம்மா அதே பட்டறையில், அதே கண்ணாடி அறையில்தான் இருக்கிறார். அறைக்குக் கதவு போட்டாகிவிட்டது. புதுப் பெட்டி மேஜைமேல் இருக்கிறது. அதன் காற்றோட்டப் பக்கத்தில் 'இங்கே ஒட்டாதீர்கள்' என்று பெயிண்டர் அண்ணனே எழுதி, இரண்டு கோட் கிளியர் கொடுத்திருக்கிறார். வெளி டிஸ்க் அவர் வீட்டுத் தையல் மெஷினின் இழுப்பறையில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அவரே கொண்டுவந்து, மாட்டி, அழுத்தி, எடுத்துப் போகிறார். வெள்ளை டாக்ஸி ஓடிக்கொண்டிருக்கிறது. சொட்டை எடுப்போர் சங்கம் அவரை நாற்பத்திரண்டாவது உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. எந்தப் படத்திலாவது நம்பர் தெரிந்தால் அவர் திட்டி எழுதுகிறார், அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாள் மறுபடி போடுகிறார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது நசுங்கின கதவுகள் படமாக வருகின்றன. அவர் போனில் இடம் நிறைந்துவிட்டது. மகள் விடுதியிலிருந்து அனுப்பும் படங்கள் திறப்பதில்லை.